மழைக்காலமும் பனிக்காலமும்: வானிலை அறிக்கை, மேகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்ப்பதிலிருந்து பிப்ரவரியில் பனி விலகும் வரை, வானிலையில் ஆர்வம் உள்ள ஆள் என்று தெரிந்தால் போதும். அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் தமிழ்நாடு, புதுச்சேரியை மனத்தில் வைத்து எழுதியவை.

“ஓரிரு இடங்களில் மழை”ன்னு சொல்றாங்க. அந்த ஓரிரு இடத்துல எங்க ஊரு இருக்கா, இல்லையா?

அது சொல்பவர்களுக்கே தெரியாது. ஆனால் அந்த வார்த்தைக்கு ஓர் அளவு உண்டு. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் “ஓரிரு இடங்களில்” என்பார்கள். கால் முதல் பாதி வரை என்றால் “ஒரு சில இடங்களில்”, பாதி முதல் முக்கால் வரை என்றால் “பல இடங்களில்”, அதையும் தாண்டினால் “பெரும்பாலான இடங்களில்”.

ஆகவே “ஓரிரு” என்று வந்தால் உங்கள் தெருவில் பெய்யாமல் போகவே வாய்ப்பு அதிகம். துணி காயப் போடலாம், பையில் குடை இருக்கட்டும். “பெரும்பாலான” என்று வந்த நாளில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எவ்வளவு மழை என்பதைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒரு சொல்லைப் பார்க்கும் பழக்கம் வந்தாலே, அறிக்கை மீதான பாதிக் கோபம் குறைந்துவிடும்.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை... சும்மா பயமுறுத்துறதுக்கா இத்தனை பேரு?

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6-இலிருந்து மிக கனமழை. 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. சென்டிமீட்டரில் முழு எண்ணாகச் சொல்லும்போது 7 முதல் 11, 12 முதல் 20, 20-க்கு மேல் என்று வரும். கனமழைக்குக் கீழே 15.6-இலிருந்து மிதமான மழை. அதற்கும் கீழே லேசான மழை.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் 20,000 லிட்டர் இறங்கும். அதி கனமழைக்கு மேல் வேறு பெயர் கிடையாது. அதனால்தான் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான 95 செ.மீ. மழையும் இந்தக் கடைசிப் பிரிவுக்குள்ளேயே அடங்குகிறது.

மழை பெஞ்சது நேத்து சாயங்காலம். பேப்பர்ல இன்னைக்கு தேதி போட்டு வருதே?

மழை அளவில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. முடிகிற தேதியைத்தான் போடுவார்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைப் புறநகரில் கொட்டித் தீர்த்த மழை, தாம்பரத்தில் 49 செ.மீ. என்று 2-ஆம் தேதிக் கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ரெட் அலர்ட் குடுத்தாங்க. இங்க சுள்ளுன்னு வெயில் அடிக்குது. ஏமாத்துறாங்களா?

நிறம் மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத் தரப்படுவது. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள் என்று பொருள். மழையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அதி கனமழைக்கு வாய்ப்பு தெரிந்தால் சிவப்பு வரும். மாவட்டத்தின் ஒரு மூலையில் ஓரிரு இடங்களில் அந்த அளவு பெய்யக்கூடும் என்றாலும் நிறம் சிவப்புதான். திருநெல்வேலி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மாஞ்சோலை, ஊத்து பக்கம் மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டும், அதே நாளில் சமவெளியில் தூறலோடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. எச்சரிக்கை முதலில் போவது மாவட்ட நிர்வாகத்துக்கும் மீட்புக் குழுவினருக்கும். படகு, மோட்டார் பம்பு, முகாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்ய அவர்களுக்கு அவகாசம் வேண்டும். பத்து முறையில் சில முறை வீணானாலும் பரவாயில்லை என்று நினைத்தே சிவப்பு தருவார்கள். என் கணிப்பில் அது சரிதான்.

அப்போ நாளைக்கு ஸ்கூல் லீவா?

மாவட்ட ஆட்சியர்தான் சொல்ல வேண்டும். வானிலை ஆய்வு மையத்துக்கும் விடுமுறைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்... எல்லாம் ஒண்ணுதானே?

ஒரே பிள்ளையின் வெவ்வேறு வயது. எந்தப் பருவம் என்பதைக் காற்றின் வேகம் முடிவு செய்கிறது. மணிக்கு 31 கி.மீ.க்குள் இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். 89-இலிருந்து தீவிரப் புயல்.

இதில் எங்கும் மழை அளவு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். “வெறும் தாழ்வுப் பகுதிதானே” என்று அசட்டையாக இருக்க முடியாது. முன்னால் சொன்ன தாம்பரம், காயல்பட்டினம் இரண்டு நாளுமே புயல் கரை கடந்த நாட்கள் கிடையாது. “வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி” என்று நாவைச் சுழற்றும் பெயரில் வருகிறதே, தாழ்வுப் பகுதியாகக்கூட ஆகாத காற்றுச் சுழல், அதுவே போதும் ஒரு மாவட்டத்தை மிதக்கவிட.

புயல் ஆந்திராவுக்குத் திரும்பிடுச்சு. நமக்கு ஆபத்து இல்லைதானே?

2023-இல் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்தது டிசம்பர் 5-ஆம் தேதி. சென்னை வெள்ளக்காடானது 3, 4 தேதிகளில். கரையைக் கடக்கும் இடம் காற்றுக்கு முக்கியம். மழைக்கு முக்கியம், புயல் எந்த வழியில் வந்தது, வழியில் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதுதான்.

கரை கடக்கும் இடத்துக்கு வடக்கா, தெற்கா என்பதும் உண்டு. நம் பக்கத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். ஆகவே மையத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கடலிலிருந்து ஈரக்காற்று அடிக்கும். தெற்கே இருப்பவர்களுக்கு நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. நாகப்பட்டினத்தில் கரை கடந்தால் ராமநாதபுரத்தைவிடக் கடலூர்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

மேகத்துல மொத்தம் எத்தனை வகை? பேரெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

அடிப்படை வகை பத்து. லூக் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் 1802-இல் மேகங்களுக்குப் பெயர் வைத்துப் பிரித்ததில் தொடங்கியது இது. இன்று உலக வானிலை அமைப்பின் மேகப் படத்தொகுப்பு இந்தப் பத்தைத்தான் பின்பற்றுகிறது. மனப்பாடம் வேண்டாம். மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்: இழை இழையாக இருந்தால் கீற்று, உருண்டு திரண்டு இருந்தால் திரள், விரித்துப் பரப்பினாற்போல் இருந்தால் படை. மழையைச் சுமந்தால் முன்னால் “கார்” சேரும். கீற்றுப்படை, படைத்திரள், கார்திரள் என்று மற்ற பெயர்கள் பெரும்பாலும் இவற்றின் கூட்டல்தான். நடு உயரத்தில் இருப்பவற்றுக்கு “இடைப்பட்ட” என்று அடைமொழி.

மழைக்கு நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டே. கார்படை மேகம் வானத்தை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் சீராகப் பெய்யும். சூரியன் எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியாது. கார்திரள் மேகம் இடி மின்னலோடு வந்து கொட்டிவிட்டுப் போகும். மற்ற எட்டும் சும்மா நிற்கும், தூறும், அல்லது வரப்போவதைச் சொல்லும்.

வானம் பூரா சின்னச் சின்ன துண்டா மேகம். ஒருத்தர் கீற்றுத்திரள்ங்கிறார், இன்னொருத்தர் படைத்திரள்ங்கிறார். யார் சொல்றது சரி?

கையை நீட்டி விரலால் அளந்து பாருங்கள். அடிவானத்தில் இருப்பதை விட்டுவிட்டு, நன்றாக மேலே இருக்கும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்துக் கையை முழுக்க நீட்டுங்கள். சுண்டுவிரல் அகலத்துக்குள் அந்தத் துண்டு மறைந்துவிட்டால் கீற்றுத்திரள். வெகு உயரத்தில் இருக்கிறது. சுண்டுவிரலுக்கு மேல், மூன்று விரல் அகலத்துக்குள் என்றால் இடைப்பட்ட திரள். மூன்று விரலையும் தாண்டி நின்றால் படைத்திரள். அது இரண்டு கிலோமீட்டருக்குள் தாழ்ந்து கிடப்பது. டிசம்பர், ஜனவரி காலைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் படைத்திரள்தான். பத்து, பதினொரு மணிக்குள் கலைந்துவிடும்.

கன்னங்கரேல்னு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஒரு சொட்டு இல்லாம போயிடுச்சு. கருமேகம்னா மழைதானே?

கறுப்பு என்பது தடிமனின் அடையாளம். தடித்த மேகத்தில் மேலே விழும் வெளிச்சம் சிதறிக் கீழே வந்து சேராததால் அடிப்பகுதி இருண்டு தெரிகிறது. அதே மேகத்தைத் தள்ளி நின்று வெயில் படும் பக்கமாகப் பார்ப்பவருக்கு வெள்ளையாகத் தெரியும்.

மழைக்குத் தடிமன் மட்டும் போதாது. மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 0.02 மி.மீ.; நல்ல மழைத்துளி 2 மி.மீ. அதாவது பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அவ்வளவு சேர மேகத்துக்குள் காற்று தொடர்ந்து மேலே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றம் நின்றுபோனால் கறுத்த மேகமும் அப்படியே கரைந்துவிடும். நிறத்தைவிட உருவத்தைப் பாருங்கள். எப்படி என்று அடுத்த பதிலில்.

சரி, இடி மேகம் வளருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேல் விளிம்பைப் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி மொத்து மொத்தாக, விளிம்பு கூர்மையாக வெட்டி எடுத்தாற்போல் இருந்தால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மரக்கிளையையோ மாடிக் கைப்பிடியையோ அடையாளம் வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் பார்த்தால் அது ஏறுவதே கண்ணுக்குத் தெரியும். அந்த விளிம்பு மங்கி நார் நாராகப் பிரியத் தொடங்கினால் உச்சியில் பனித்துகள்கள் உருவாகிவிட்டன என்று அர்த்தம். இனி அது கார்திரள். உச்சி மேலும் ஏற முடியாமல் பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். நம் பகுதியில் இந்த உச்சி 15 கி.மீ.க்கு மேலும் போவதுண்டு.

புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று குளிர்காற்று அடித்தால், பக்கத்தில் எங்கோ மழை இறங்கி, அதனோடு இறங்கிய காற்று உங்களை முந்திக்கொண்டு வந்துவிட்டது. துணியை எடுக்க அதுதான் கடைசி அழைப்பு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒவ்வொரு மூன்று விநாடிக்கும் ஒரு கிலோமீட்டர் தூரம் என்று கணக்கு. கணக்குப் போட்டுக்கொண்டு மாடியில் நிற்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே உள்ளே வந்துவிடுங்கள்.

நிலாவைச் சுத்தி வட்டம் கட்டியிருக்கு. பாட்டி மழை வரும்ங்கிறாங்க. நிஜமா?

“எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை” என்பார்கள். இந்தச் சொலவடைக்குள் நல்ல கவனிப்பு இருக்கிறது. நிலாவிலிருந்து விலகித் தெரியும் பெரிய வட்டம் கீற்றுப்படை மேகத்தில் இருக்கும் பனித்துகள்களால் உண்டாவது. எப்போதும் 22 பாகை தள்ளியே இருக்கும். நீட்டிய கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய அந்த அளவு. நிலாவை ஒட்டிக் கலங்கலாகத் தெரியும் சிறு வட்டம் நீர்த்துளி மேகத்தால் வருவது.

பெரிய தாழ்வு மண்டலங்களின் மேல்பகுதியிலிருந்து கீற்றுப்படை வெகுதூரம் விரியும். ஆகவே எட்ட வட்டம் தெரிந்தால் கடலில் எங்கோ ஒன்று இருக்கக்கூடும் என்பது வரை பாட்டி சொல்வது சரி. அது நம் பக்கம் வருமா என்பதை வட்டம் சொல்லாது. வட்டத்தைப் பார்த்தால் அன்றைய அறிக்கையை எடுத்துப் படியுங்கள்.

மேகம் மூட்டமா இருந்த ராத்திரி குளிரவே இல்லை. தெளிவா இருந்த ராத்திரி நடுங்குது. தலைகீழா இருக்கே?

பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கீழே அனுப்பும். தெளிந்த வானம், அசையாத காற்று, நீண்ட இரவு மூன்றும் சேர்ந்தால் வெப்பம் தடையில்லாமல் போய்விடும்.

இதே காரணத்தால்தான் உதகையில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்கும் காலையிலும், அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலை 2, 3 டிகிரி என்று வருகிறது. வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. புல் நுனியோ வானத்தை நேராகப் பார்த்துக்கொண்டு அதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பித்துக்கொள்ளும்.

மூடுபனியும் மேகமும் ஒண்ணா?

ஒன்றேதான், தரையைத் தொட்ட படை மேகம். பார்வைத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே அடர், 50 மீட்டருக்குக் கீழே மிக அடர் மூடுபனி. வெயில் ஏறியதும் அது மேலெழும்பித் தாழ்ந்த மேகமாகச் சிறிது நேரம் நின்று கலையும். முந்தைய பதிலில் சொன்ன தெளிந்த, காற்றில்லாத இரவோடு முந்தின நாள் மழை ஈரமும் இருந்தால் மறுநாள் விடியலில் எதிர்பார்க்கலாம். புகை சேர்ந்தால் இன்னும் மோசம்: போகி அன்று சென்னையில் விமானங்கள் தடுமாறுவது இந்தக் கூட்டணியால்தான்.

ரேடார் படத்துல எங்க ஊர் மேல ஒண்ணுமே இல்லை. வெளியில ஊத்துது. எதை நம்புறது?

வெளியில் ஊற்றுவதை நம்புங்கள். ரேடார் கதிர் கொஞ்சம் மேல்நோக்கிப் போகிறது, பூமியோ வளைகிறது. அதனால் 100 கி.மீ. தள்ளி அந்தக் கதிர் ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ.யில் 4 கி.மீ. உயரத்திலும் இருக்கும். நவம்பர், டிசம்பரில் கடலிலிருந்து ஓடிவரும் தாழ்ந்த மேகங்கள் பத்து நிமிடம் கொட்டிவிட்டு வெயிலுக்கு வழிவிடுமே, அவை பல நேரம் அந்தக் கதிருக்குக் கீழேயே நழுவிவிடும்.

இதற்கு எதிர்மாறானதும் நடக்கும். படத்தில் நிறம் இருக்கும், தரையில் சொட்டு இருக்காது. உயரத்தில் விழத் தொடங்கிய மழை வறண்ட காற்றில் வழியிலேயே ஆவியாகிவிட்டது. கூடவே படத்தின் நேரத்தையும் பாருங்கள். யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

செயற்கைக்கோள் படத்துல தமிழ்நாடே வெள்ளையா தெரியுது, மழை மட்டும் இல்லையே?

நீங்கள் பார்த்தது அகச்சிவப்புப் படமாக இருக்கும். அதில் வெண்மை என்பது குளிர்ச்சியைக் காட்டுகிறது. மெல்லிய கீற்றுப்படையும் உயரத்தில் இருப்பதால் பளிச்சென்று தெரியும். முந்தைய பதிலில் சொன்ன தாழ்ந்த மழை மேகமோ வெறும் சாம்பல் நிறத்தில் ஒளிந்துகொள்ளும். பகலில் என்றால் கண்ணுறு ஒளிப் படத்தையும், அதாவது சாதாரண வெளிச்சத்தில் எடுத்ததையும், சேர்த்துப் பாருங்கள்.

போன்ல 60 சதவீதம் மழைன்னு காட்டுது. ஒரு ஆப்ல 60, இன்னொண்ணுல 20. எப்படி?

60 என்றால், இதே போன்ற நிலை பத்து நாள் வந்தால் ஆறு நாள் அந்த நேரத்தில் உங்கள் இடத்தில் மழை இருக்கும் என்று பொருள். மழை எவ்வளவு, எத்தனை நேரம் என்பதெல்லாம் இதில் இல்லை.

ஆப்புகள் மாறுவதற்குக் காரணம் அவை பயன்படுத்தும் கணினி மாதிரிகள் வேறு வேறாக இருப்பது. ஐரோப்பிய மாதிரி உலகை ஏறக்குறைய 9 கி.மீ. கட்டங்களாகவும், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் ஏறக்குறைய 13 கி.மீ. கட்டங்களாகவும் பிரித்துக் கணக்கிடுகின்றன. மூன்று கி.மீ. அகலமுள்ள ஓர் இடி மேகம் அந்தக் கட்டத்துக்குள் தனியாகத் தெரியவே தெரியாது. எல்லா மாதிரியும் ஒரே மாதிரி சொன்னால் நம்பிக்கை வைக்கலாம். ஆளுக்கொன்று சொன்னால், நிலைமையே இன்னும் உறுதியாகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் கழித்து வரப்போகும் “புயல்” என்று வரைபடம் பகிர்பவரைக் கண்டால் ஒதுங்கிப் போவது என் வழக்கம்.

கடலோரத்துல மட்டும் ஏன் நடுராத்திரி, விடியக்காலையில கொட்டுது?

இரவில் நிலம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவாகக் குளிராது. நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் மெல்லிய காற்று, கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றோடு கரையருகே முட்டும். முட்டிய இடத்தில் காற்று மேலேறி மேகமாகும். பகலில் இந்த மோதல் தளர்ந்து மழை உள்மாவட்டங்களுக்கு நகரும். ஆகவே சென்னை, கடலூர், நாகைக்காரர்கள் இரவு படுக்கும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

2021 டிசம்பர் 30-ஆம் தேதி சென்னை திடீர்னு மூழ்குச்சே. இவ்வளவு கருவி வெச்சும் அதை ஏன் சொல்ல முடியலை?

அன்றைய மழை முன்னறிவிப்பு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. மாதிரிகளின் கட்டத்துக்குள் தெரியாத அளவு சிறிய மேகக்கூட்டம் கரையருகே உருவாகி, நகராமல், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பிறந்து பெய்தது. நிலக்காற்றும் கடல்காற்றும் எங்கே முட்டும் என்பதில் இருபது கி.மீ. வித்தியாசம் வந்தாலே மழை முழுவதும் கடலுக்குள் விழுந்திருக்கும்.

இப்படிப்பட்ட நாளில் உதவுவது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் உடனடி முன்னறிவிப்பும் ரேடாரும்தான். ரேடாரில் அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். மேகங்கள் தனித்தனியாக நகர்ந்துகொண்டே இருந்தும் மொத்தக் கூட்டம் அதே இடத்தில் நின்றால், காலையில் எந்த நிறம் கொடுத்திருந்தாலும் சரி, வண்டியை மேட்டில் நிறுத்திவிடுங்கள்.

பொங்கல் முடிஞ்சும் மழை பெய்யுதே, இது எந்தக் கணக்கு?

வடகிழக்குப் பருவமழைக் கணக்கு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 31-உடன் முடிகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில் வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் பெய்வது குளிர்காலக் கணக்கில் சேரும்.

ஆனால் கடல் காலண்டர் பார்ப்பதில்லை. கிழக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும் வரை அதில் ஓர் அலை வந்தால் டெல்டாவிலும் தென்கோடியிலும் மழை உண்டு, அதுவும் சம்பா அறுவடை நேரம் பார்த்து. ஜனவரியில் நெல் காய வைக்கும் வீடுகளில் “ஓரிரு இடங்களில்” என்று வந்தாலும், முதல் பதிலில் சொன்னதற்கு மாறாகத் தார்ப்பாயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.